நீலகிரியில் சொந்தப் பட்டா நிலத்தில் மண் வெட்டக்கூட எதற்கு இத்தனை அனுமதி?

கோத்தகிரிப் பக்கம் சரிவில் எட்டு சென்ட் வாங்கி வீடு கட்டியவன் என்பதால் சொல்கிறேன். மண் உங்களுடையதுதான். அதை வெட்டிய பிறகு ஓடுகிற தண்ணீர் உங்கள் எல்லைக்கல்லோடு நிற்காதே! கீழ்வீட்டுக்குத்தான் போகும். இந்த அனுமதியெல்லாம் பெரும்பாலும் அந்தக் கீழ்வீட்டுக்காரருக்காகத்தான்.

இங்கே அடிப்பாறைக்கு மேல் பல இடங்களில் சிதைந்த மண் ஆழமாகக் கிடக்கிறது. காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் சுவர் மாதிரி நிற்கும். அதைப் பார்த்துத்தான் ஏமாந்துபோகிறோம். நாள்கணக்கில் மழை இறங்கி மண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறிவிட்டால், அடிக்காலை வெட்டிய சரிவுக்குத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இருக்காது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. அந்தச் சில நாள்களில் மாவட்டம் முழுக்கச் சரிந்த மண்ணில் 40 பேருக்கும் மேல் இறந்தார்கள். 1,000 சதுர அடிக் கூரை ஒன்றில் மட்டும் அந்த மழை விழுந்தால் 76,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஆறைத் தாண்டும். அத்தனையும் எந்தப் பக்கம் போகும் என்று வீடு கட்டும்போது நம்மில் எத்தனை பேர் யோசிக்கிறோம்?

சட்டம் நேற்று வந்ததும் இல்லை. மலைப்பகுதியில் மரம் வெட்டுவதையும் நிலத்தைச் சாகுபடிக்குத் திருத்துவதையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. மண் அரிப்பைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 1990-ல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் வந்தது, நாம் 'ஹாகா' என்கிறோமே, அதுதான். 1993-ல் மலை நகரங்களுக்கென்று தனிக் கட்டட விதிகள். ஹாகாவின் கீழ் வரும் கிராமத்தில் இடம் என்றால் வேளாண் பொறியியல், கனிமம், வனம் என ஒவ்வொரு துறையும் அறிக்கை தர வேண்டும். ஜேசிபி இறக்க மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி தனி. அலைச்சல் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கையால் பத்து நாளில் வெட்டும் மண்ணை ஜேசிபி ஒரே ராத்திரியில் வெட்டிவிடும். தப்பாக வெட்டிவிட்டோம் என்று நிறுத்தி யோசிக்கவும் நேரம் இருக்காது.

என் குறை வேறு. கட்டும் வரைக்கும் ஆயிரம் கேள்வி கேட்டவர்கள், கட்டி முடித்த பின் மழையில் ஒருதடவை வந்து பார்க்கவில்லை. என் தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய பைப் வைத்திருந்தோம். பூச்சு வேலையில் அதை மூடிவிட்டார்கள், நானும் கவனிக்கவில்லை. அடுத்த ஐப்பசியில் சுவர் நடுவில் வயிறு தள்ளியது. முதலில் பார்த்தது கீழ்வீட்டு அக்காதான். "தம்பி, இவ்வளவு மழைக்கும் உங்க சுவத்துல ஒரு சொட்டுகூடக் கசியலையே, எனக்குப் பயமா இருக்கு" என்றார். அன்றைக்கே மேஸ்திரியைக் கூட்டிவந்து பூச்சை உடைத்துத் துளைகளைத் திறந்தோம். கலங்கல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. அந்தச் சுவருக்கு நேர் கீழே அக்காவின் பேரப்பிள்ளைகள் படுக்கும் அறை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இன்னொன்று. 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதும் சமவெளியில் எல்லோரும் உறிஞ்சு குழி தோண்டினார்கள். அங்கே நல்லதுதான். வெட்டிய சரிவின் தலைமாட்டில் அதையே தோண்டினால், மழைத் தண்ணீரை நாமே சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் நிரப்புகிறோம். மலையில் தொட்டி கட்டிச் சேமியுங்கள். மிஞ்சுவதைக் குழாய் போட்டு ஓடை வரை கொண்டுபோய் விடுங்கள். பாதி வழியில் அடுத்தவர் தேயிலைக்குள் விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் இன்னும் மண் வெட்டவில்லை என்றால், வரைபடத்தை எடுத்துக்கொண்டு முதலில் கீழ்வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். போன மழையில் எந்தப் பக்கம் தண்ணீர் வந்தது என்று அவர்கள் கைநீட்டிக் காட்டுவார்கள். வெட்டு வேலையைத் தை மாதத்துக்குப் பிறகு வைத்துக்கொண்டு, தடுப்புச் சுவரையும் வடிகாலையும் ஆனி பிறக்கும் முன் முடித்துவிடுங்கள்.