நம் சபை ஆட்களுக்கு மட்டும்தானா அரிசி?

கேள்வி: வெள்ளத்தில் எங்கள் தெரு முழுக்கத் தண்ணீர், எல்லா வீட்டிலும் நஷ்டம்தான். சபையில் காணிக்கை எடுத்து அரிசி, பருப்பு, பாய் வாங்கி வைத்திருக்கிறோம். விசுவாசிகளுக்கே பற்றாது, ஆனால் போதகர் வெளியாருக்கும் கொடுக்கச் சொல்கிறார். கலாத்தியர் 6:10-இல் பவுல் விசுவாச குடும்பத்தாருக்குத்தானே விசேஷமாகச் செய்யச் சொல்கிறார்? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: வசனத்தைப் பாதியிலிருந்து படித்திருக்கிறீர்கள். யாவருக்கும் நன்மை செய்யச் சொல்லிவிட்டு அப்புறம்தான் பவுல் விசுவாச வீட்டாரிடம் வருகிறார். சபையில் இருக்கிற விதவையையும் வேலை போன கூலிக்காரரையும் கைவிடச் சொல்லி உங்கள் போதகர் கேட்கவில்லை. அவர்களைச் சாக்காக வைத்துப் பக்கத்து வீட்டைத் தாண்டிப் போகாதீர்கள் என்கிறார், அவர் சொல்வதுதான் சரி.

இதே சங்கடம், இதைவிடப் பயங்கரமாக, கார்த்தேஜ் சபைக்கு வந்தது. இன்றைய துனீசியாவில் இருக்கிறது அந்த ஊர். கி.பி. 252 வாக்கில் அங்கே கொள்ளைநோய்: கண் ரத்தமாகச் சிவக்கும், வாந்தியும் பேதியும் நிற்காது, தொற்றிவிடுமோ என்ற பயத்தில் பெற்றவர் உற்றவரையே வெளியே போட்டுவிட்டு ஓடினார்கள், தெருவெல்லாம் பிணம். கிறிஸ்தவர்களும் அதே நோயில் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதற்குச் சில வருடம் முன்னால்தான், ரோமப் பேரரசன் டேசியஸ் சபையைத் துன்புறுத்திய நாட்களில், அந்த ஊர் ஜனங்கள் பிஷப் சிப்பிரியானைச் சிங்கத்துக்குப் போடச் சொல்லிக் கத்தியிருந்தார்கள். அந்த சிப்பிரியான்தான் சபையைக் கூட்டி, நம் ஆட்களை மட்டும் கவனிப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை, வரி வசூலிக்கிற ஆயக்காரனும் அதைச் செய்வான், நம்மைத் துன்பப்படுத்தினவர்களுக்கும் செய்யுங்கள் என்று பேசினார். காசு இருந்தவர்கள் காசு கொடுத்தார்கள், இல்லாதவர்கள் உடம்பால் உழைத்தார்கள் என்று அவரோடு இருந்த பொன்டியஸ் எழுதி வைத்திருக்கிறார். அவர்களிடமும் மிச்சம் மீதி என்று எதுவும் இருந்திருக்காது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் காட்டுகிற வசனம் போய்ச் சேர்ந்த, இன்றைய துருக்கியில் இருக்கிற கலாத்தியா பிரதேசத்திலேயே, ஏறக்குறைய 300 வருடம் கழித்து என்ன நடந்தது தெரியுமா? கிறிஸ்தவர்களைக் கண்டாலே ஆகாத ரோமப் பேரரசன் ஜூலியன் 362-இல் அங்கிருந்த கோயில்களின் தலைமைப் பூசாரிக்குக் கடிதம் எழுதுகிறான்: இவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துப் பராமரிக்கிறார்கள், நமக்குத்தான் வெட்கக்கேடு, நீயும் ஊருக்கு ஊர் சத்திரம் கட்டு என்று. அதற்குக் கோதுமையும் ஒதுக்குகிறான். எதிரியே இப்படி ஒப்புக்கொள்கிற அளவுக்கு அந்தச் சபைகள் வெளியாருக்குச் செய்திருக்கின்றன.

சரி, உங்கள் தெருவுக்கு வருவோம். சபைப் பதிவேட்டை மூடி வையுங்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எங்கே கைக்குழந்தை இருக்கிறது, படுத்த படுக்கையாக இருக்கிற பெரியவர் யார் என்று வீடு வீடாக இன்றைக்கே போய்ப் பார்த்து எழுதுங்கள், அந்த வரிசையில் கொடுங்கள். சபைக் குடும்பங்களும் அதில் தானாக வந்துவிடும். அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: அரிசிப் பைக்குள் கைப்பிரதி வைக்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரச் சொல்லிக் கையெழுத்தும் வாங்காதீர்கள். பசியோடு இருக்கிறவர் மாட்டேன் என்று சொல்ல முடியாத நேரம் அது.