'டு'வுக்குப் பின்னால் 'இங்' வருமா? ஆங்கில இலக்கணம்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று கடிதத்தில் எழுதினேன். மேலதிகாரி அடித்துவிட்டு 'மீட்டிங்' என்று திருத்தினார். 'டு'வுக்குப் பின் வினையின் மூல வடிவம்தானே வரவேண்டும்?

பதில்: மேலதிகாரி திருத்தியதே சரி. 'ஐ வான்ட் டு மீட் யூ'வில் உள்ள 'டு' வினையின் துணை. 'லுக் ஃபார்வர்ட் டு'வில் இருப்பதோ முன்னிடைச்சொல் ('ப்ரெபசிஷன்'). அதன்பின் பெயர்ச்சொல்தான் நிற்கும். வினை அங்கே வரவேண்டுமானால் 'இங்' சேர்த்துத் தொழிற்பெயராகத்தான் வரமுடியும். ஐயம் வந்தால் அந்த இடத்தில் ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' பொருந்துகிறது. ஆகவே 'டு மீட்டிங்'. 'ஐ வான்ட் டு யுவர் ரிப்ளை' உளறலாக இருக்கிறது; ஆகவே 'டு மீட்'.

கேள்வி: 'யூஸ்டு டு'வுக்கும் இதே சோதனையா?

பதில்: ஆம். 'ஐ யூஸ்டு டு டிரைவ்' என்றால் முன்பு ஓட்டினேன், இப்போது ஓட்டுவதில்லை. 'ஐ ஆம் யூஸ்டு டு டிரைவிங்' என்றால் எனக்கு ஓட்டிப் பழக்கம். நேர்முகத் தேர்வில் மாற்றிச் சொன்னால் வேலை போய்விடும்!

கேள்வி: 'டிஸ்கஸ் அபௌட்' தவறு, 'டிஸ்கஷன் அபௌட்' சரி என்கிறார்கள். இது என்ன நியாயம்?

பதில்: நியாயம் இருக்கிறது. 'டிஸ்கஸ்' செயப்படுபொருளை நேராக ஏற்கும் வினை: 'டிஸ்கஸ் த பிளான்'. பெயர்ச்சொல்லால் அப்படி ஏற்கமுடியாது. நடுவே முன்னிடைச்சொல் வேண்டும்: 'எ டிஸ்கஷன் அபௌட் த பிளான்'. 'ஆன்சர் த கொஸ்சன்' என்பது வினை. 'த ஆன்சர் டு த கொஸ்சன்' என்பது பெயர். 'எம்ஃபசைஸ்' என்ற வினைக்கு முன்னிடைச்சொல் வேண்டாம். 'எம்ஃபசிஸ்' என்ற பெயர் வந்தால் 'ஆன்' சேரும். 'திட்டத்தைப் பற்றி விவாதித்தோம்' என்றே நாம் சொல்லிப் பழகியதால், அந்தப் 'பற்றி' ஆங்கிலத்திலும் 'அபௌட்' ஆக நுழைந்துவிடுகிறது.

எந்தப் பெயருக்கு எந்த முன்னிடைச்சொல் என்பதற்குப் பொதுவிதி கிடையாது. 'ரீசன் ஃபார்', 'இன்ட்ரஸ்ட் இன்', 'சொல்யூஷன் டு' என்று இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்வதுதான் வழி.

கேள்வி: 'டிஸ்பைட் ஆஃப்' சரியா?

பதில்: தவறு. 'ஆஃப்' வேண்டுமென்றால் 'இன் ஸ்பைட் ஆஃப்' என்று எழுதுங்கள்.

கேள்வி: 'ஐ ஹேட் டிஃபிகல்ட்டி டு ஃபைண்ட் த ஹவுஸ்' என்று எழுதலாமா?

பதில்: கூடாது. 'டிஃபிகல்ட்டி ஃபைண்டிங்' அல்லது 'டிஃபிகல்ட்டி இன் ஃபைண்டிங்'. பெயரடையாக 'டிஃபிகல்ட்' வந்தால் மட்டும் 'இட் வாஸ் டிஃபிகல்ட் டு ஃபைண்ட்'.

கேள்வி: 'சான்ஸ் டு வின்', 'சான்ஸ் ஆஃப் வின்னிங்' இரண்டில் எது சரி?

பதில்: இரண்டும் சரி, பொருள்தான் வேறு. முதலாவது பெரும்பாலும் கையில் கிடைத்த வாய்ப்பு. இரண்டாவது வெல்வதற்கான சாத்தியம். கடைசி ஓவரில் பத்தாவது ஆட்டக்காரருக்கு முதலாவது நிச்சயம் உண்டு. இரண்டாவது எவ்வளவு என்பதை ஸ்கோரைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.