பழைய பெயரை எனக்கு ஏன் சொன்னீர்கள்?

அன்புள்ள அக்கா,

நானும் மூன்று நண்பர்களும் ஒரு சிறிய கட்டற்ற மென்பொருளைப் பராமரிக்கிறோம். நான்கு ஆண்டுகளாக எங்களுக்கு நிரல் எழுதித் தரும் ஒருவர் திருநங்கை. இப்போது புதுப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார். பழைய கமிட்களிலும் (நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தவர் பெயரோடு 'கிட்' என்ற மென்பொருள் சேமித்து வைக்கும் பதிவுகள்) அதுவே வர வேண்டும் என்று கேட்கிறார். வரலாற்றில் கை வைக்கக் கூடாது என்கிறார் எங்களில் மூத்தவர். கெசட் சான்று கேட்கலாம் என்கிறார் இன்னொருவர். என்ன செய்யலாம்? அப்புறம், கமிட்டுக்கு நல்ல தமிழ்ச் சொல் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடிதத்தில் அவருடைய பழைய பெயரையும் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தீர்கள். அதை நீக்கிவிட்டுத்தான் மேலே போட்டிருக்கிறேன். நான் கேட்டேனா? முன்பின் தெரியாத எனக்கு அது எதற்கு? எதை விட்டுவிடுங்கள் என்று உங்களிடம் வந்து நின்றாரோ, அதையே முதல் வேலையாக என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். கெட்ட எண்ணம் இல்லை என்று தெரியும். அதனால்தான் திட்டுகிறேன்.

மூத்தவர் சொல்வதில் பாதி சரி. கமிட்டின் ஹேஷ், அதாவது அதன் அடையாளக் குறி, எழுதியவர் பெயரையும் முந்தைய கமிட்டின் ஹேஷையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. பழைய பெயர் ஒன்றைத் திருத்தினால் பின்னால் வந்த ஹேஷ் அத்தனையும் மாறும். ஆனால் அங்கே கை வைக்காமலே வழி இருக்கிறது. ரெப்போவில், அதாவது நிரலும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியத்தில், '.மெயில்மேப்' (.mailmap) என்று ஒரு கோப்பு வைத்து, புதுப் பெயர், புது மின்னஞ்சல், கமிட்டில் உள்ள பழைய மின்னஞ்சல் என ஒரு வரி எழுதினால் போதும். 2019இல் வந்த கிட் 2.23 பதிப்பிலிருந்து, வரலாற்றைக் காட்டும் 'கிட் லாக்' கட்டளை தானாகவே அதைப் பார்த்துப் புதுப் பெயரைக் காட்டுகிறது. பழைய பெயரை அங்கே எழுத வேண்டியதே இல்லை, கவனியுங்கள். மின்னஞ்சலிலேயே பழைய பெயர் இருந்தால்தான் சிக்கல். அந்த வரியே இரண்டையும் முடிச்சுப் போட்டு ஊருக்குக் காட்டிவிடும். அப்போது என்ன செய்வது என்று அவர் முடிவு செய்யட்டும், நீங்கள் நால்வர் அல்ல. வரலாற்றையே திருப்பி எழுதச் சொன்னால் எழுதுங்கள். ஹேஷ் மாறிவிடுவதால் எல்லோரும் ரெப்போவை மறுபடி நகல் எடுக்க வேண்டியிருக்கும். சிறிய ரெப்போவுக்கு அது அப்படி என்ன பெரிய பாடு?

கெசட் கேட்பவரிடம் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் கதையைச் சொல்லுங்கள். அதற்கு பேட்ச், அதாவது நிரல் திருத்தம், அனுப்புபவர் கையொப்ப வரி சேர்க்கும் வழக்கம் 2004இல் வந்தது. உண்மைப் பெயர் வேண்டும், புனைபெயர் ஆகாது என்று விதி இருந்தது. 2023இல் அந்த வாசகத்தையே மாற்றி, அறியப்பட்ட அடையாளம் போதும் என்றார்கள். நான்கு ஆண்டுகளாக அவருடைய நிரலை வாங்கிச் சேர்த்தபோது நீங்கள் யாரும் சான்று கேட்கவில்லையே!

இதில் எனக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு மென்பொருளின் செய்திகளைத் தமிழாக்கினேன். மொழிபெயர்ப்பு இருக்கும் பிஓ கோப்பின் தலைப்பில் 'கடைசி மொழிபெயர்ப்பாளர்' என்ற வரியில் ஒருவருக்குத்தான் இடம். அடுத்தவர் வந்தால் அந்த வரியிலிருந்து நம் பெயர் போய்விடும். நன்றிப் பட்டியல்தான் நிற்கும். அதற்கான படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். இரண்டையும் நிரப்பாமல் நகராது. இன்ஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டேன். பட்டியலில் அப்பா பெயர் மட்டும் வந்தது. திருத்தச் சொல்லி எழுதினேன். 'வெளியாகிவிட்டது, இனி முடியாது' என்று ஒரு வரி பதில். அப்பாவிடம் காட்டினேன். "ராத்திரியெல்லாம் கண் முழிச்சது நீ. என் பேரை ஏன் போட்டாங்க?" என்றார். கணினியைத் தொட்டே அறியாதவர். அன்றோடு அந்தத் தமிழாக்கத்தை விட்டுவிட்டேன். உங்களுக்கு நிரல் எழுதித் தருபவரின் வலியோடு இதை ஒப்பிடவில்லை. ஆனால் அந்த ஒரு வரி பதிலை நான் இன்னும் மறக்கவில்லை.

கமிட்டுக்குத் தமிழ்ச் சொல் இன்னொரு நாள்.

இன்றைக்கே அவருக்கு எழுதுங்கள். பெயரை எப்படி எழுத வேண்டும், தமிழிலா ஆங்கில எழுத்திலா என்று கேளுங்கள். கிட் இரண்டையும் ஏற்கும். நன்றிப் பட்டியல், வெளியீட்டுக் குறிப்பு, கோப்புகளின் தலையில் உள்ள பதிப்புரிமை வரி எல்லாவற்றையும் தேடித் திருத்துங்கள். அங்கே ஹேஷ் சாக்கு செல்லாது. அந்தத் திருத்தத்துக்கான கமிட் செய்தியில் பழைய பெயரை எழுதி வைத்துவிடாதீர்கள்.