ஏலத்துக்கு முன்பே விலைக்கு வரும் வாடகை வீடு: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஓசூரில் ஆறு போர்ஷன் உள்ள வாடகை வீடு ஒன்று 42 லட்சத்துக்கு வருகிறது. பத்திரம் தந்தை பெயரில், அவர் காலமாகிவிட்டார். பட்டா மூத்த மகன் பெயரில். அவர் வாங்கிய தொழில் கடன் நிலுவையில் நின்று, வங்கி 60 நாள் நோட்டீஸ் அனுப்பிவிட்டது. "ஏலத்துக்குப் போவதற்குள் முடித்துவிடலாம், 10 லட்சம் ரொக்கமாக அட்வான்ஸ் கொடுங்கள்" என்கிறார். தாயும் இன்னும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: வாங்கலாம். ஆனால் அந்த 10 லட்சத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தரவில்லை. அதைவிட முக்கியமான தடை, நிலுவையில் நிற்கும் கடனுக்கு அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழி செய்யும் சர்ஃபேசி சட்டத்தில் இருக்கிறது. 13(2) பிரிவு நோட்டீஸ், அதாவது அந்த 60 நாள் நோட்டீஸ், கைக்கு வந்த பிறகு, வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் கடன்தாரர் அந்தச் சொத்தை விற்கக் கூடாது என்கிறது 13(13) பிரிவு. நீங்கள் போடும் அக்ரிமென்ட் வங்கியைக் கட்டுப்படுத்தாது. வீடு ஏலம் போனால், உங்கள் 10 லட்சத்துக்கு அவர் பின்னால்தான் அலைய வேண்டியிருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது இரண்டு தேதிகள்: தந்தையின் இறப்புச் சான்றில் உள்ள தேதி, பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்த தேதி. தந்தை உயிரோடு இருந்தபோது அவரே கையெழுத்துப் போட்டு அடமானம் வைத்திருந்தால், அது முழு வீட்டையும் பிடிக்கும். வாரிசுகள் யாரும் தப்ப முடியாது. அவர் இறந்த பிறகு மூத்த மகன் மட்டும், பட்டாவைக் காட்டிக் கடன் வாங்கியிருந்தால், அடமானம் அவருடைய பங்குக்கு மட்டும்தான். பட்டா வருவாய்த்துறை ஆவணம். உரிமையைத் தருவது பத்திரமும் வாரிசுரிமையும். இந்துக் குடும்பமாக இருந்து, உயில் இல்லாத சுயசம்பாத்தியச் சொத்து என்றால், தாய், நான்கு பிள்ளைகள் என ஐந்து பேருக்கும் சம பங்கு. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பதால் பங்கு போகாது. தந்தை இறந்தபோது அவருடைய தாயார், அதாவது பாட்டி, உயிருடன் இருந்தாரா என்று கட்டாயம் கேளுங்கள். அவரும் முதல் வகுப்பு வாரிசு. பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். பாட்டியின் பங்கு அத்தைகளுக்கும் சித்தப்பாக்களுக்கும் போய், சில வருடம் கழித்து வழக்காக வருகிறது.

ஆகவே தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றை மட்டும் நம்பாமல், ரேஷன் கார்டோடு ஒப்பிடுங்கள், தெருவிலும் விசாரியுங்கள். அத்தனை வாரிசுகளும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்திருக்க வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் இறந்து, அவருக்கு 18 வயது நிரம்பாத குழந்தை இருந்தால், அந்தப் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். தாயார் கார்டியனாகக் கையெழுத்துப் போட்டால் போதும் என்பார்கள்; போதாது. அனுமதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகும், வங்கி அதுவரை காத்திருக்காது. அப்படி ஒரு மைனர் பங்கு இருந்தால் இந்த வீட்டை விட்டுவிடுவதே நல்லது.

வில்லங்கம் பார்ப்பதில் ஓசூருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 1965 வரை சேலம் மாவட்டம், 2004 வரை தர்மபுரி, பிறகு கிருஷ்ணகிரி என்று பத்திரத்தில் மாவட்டப் பெயர் மாறி மாறி வரும். அதில் பிழை இல்லை. ஆனால் பழைய சர்வே எண் நகர சர்வே எண்ணாக மாறியிருக்கும். உட்பிரிவு எண்ணை மட்டும் போட்டுத் தேடினால், உட்பிரிவு ஆவதற்கு முன் பதிந்த பத்திரங்கள் வராமல் போகும். பழைய எண், உட்பிரிவு எண், நகர சர்வே எண் மூன்றுக்கும் தனித்தனியாக 30 வருட வில்லங்கம் போடுங்கள். பதிவு செய்யாத அடமானமும், நடந்துகொண்டிருக்கும் பாகப்பிரிவினை வழக்கும் வில்லங்கத்தில் வராமல் போகலாம். அடமானத்துக்கு, வங்கி அடமானங்களைப் பதியும் மத்தியப் பதிவேடான செர்சாயையும், வழக்குக்கு நீதிமன்ற இணையதளத்தில் ஐந்து பேர் பெயரையும் தேடிப் பாருங்கள்.

அடுத்தது பணக் கணக்கு. உதாரணத்துக்கு வங்கி பாக்கி 27 லட்சம் என்று வையுங்கள். நான்கு போர்ஷன்காரர்கள் ஆளுக்கு 50,000 அட்வான்ஸ், இரண்டு பேர் ஆளுக்கு 4 லட்சம் போக்கியம் கொடுத்திருந்தால், குடியிருப்பவர்களுக்குத் திருப்ப வேண்டியது மட்டும் 10 லட்சம். 42 லட்சத்தில் குடும்பத்துக்கு மிஞ்சுவது 5 லட்சம். இதைக் கழிக்காமல் முழு விலையையும் கொடுத்துவிட்டால், அந்த 10 லட்சத்தை அவர்கள் உங்களிடம்தான் கேட்பார்கள். ஒவ்வொரு போர்ஷனுக்கும் நேரில் போய், எவ்வளவு வாடகை, எவ்வளவு அட்வான்ஸ், எந்த மாதத்திலிருந்து என்று எழுதி அவர்கள் கையெழுத்து வாங்குங்கள். உரிமையாளர் சொல்லும் தொகையும் அவர்கள் சொல்லும் தொகையும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மின் இணைப்பு எத்தனை, அனுமதி வாங்கிய பிளானில் எத்தனை போர்ஷன் என்பதையும் பாருங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 42 லட்சத்துக்கு 3,78,000 ரூபாய். வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருந்தால் அதன் மேல் கணக்கிடுவார்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் வங்கி மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: இன்று வரை பாக்கி எவ்வளவு, ஒரு நாள் வட்டி எவ்வளவு, வழக்குச் செலவு எவ்வளவு, இதே வீட்டை வேறு கடனுக்கு ஜாமீனாக வைத்திருக்கிறார்களா, விற்பனைக்குச் சம்மதமா. கடைசிக் கேள்விக்கு முந்தையதைக் கேட்காமல் விட்டால், இந்தக் கடனை அடைத்தும் பத்திரம் வெளியே வராது. குடும்பத்தார் காட்டும் ஓ.டி.எஸ். (ஒரே தவணையில் கடனைத் தீர்க்கும் சலுகை) கடிதத்தில் கெடு தேதி முடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு வங்கி, வாரிசுகள், நீங்கள் என்று முத்தரப்பு ஒப்பந்தம். பாக்கித் தொகையைக் கடன் கணக்கு எண் எழுதிய டி.டி.யாக வங்கிக்கே கொடுங்கள். பதிவு நாளில், அடமானம் தீர்ந்தது என்று வங்கி எழுதித் தரும் ரசீது ஆவணம் முதலில் பதிவாகட்டும். அடுத்த எண்ணாக உங்கள் கிரயப் பத்திரம். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி உத்தரவு வீட்டுக் கடன் போன்ற தனிநபர் கடன்களுக்கானது; இது தொழில் கடன் என்பதால், பத்திரம் தரும் கெடுவை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கெடுவையும் கணக்கில் வையுங்கள். ஏல அறிவிப்பு வெளியாகும் தேதியோடு, கடனைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை கடன்தாரருக்கு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு இந்த வழி இல்லை.

கேள்வி: இவ்வளவு அலைச்சலுக்குப் பதில் வங்கி ஏலத்திலேயே எடுத்தால் உரிமை சுத்தமாக வந்துவிடாதா?
- வாசகர், தர்மபுரி

பதில்: வராது. "உள்ளது உள்ளபடி" என்றுதான் விற்கிறார்கள். சகோதரி பங்கு கேட்டால் அதை நீங்கள்தான் எதிர்கொள்ள வேண்டும். ஏலம் எடுத்த அன்றோ அடுத்த வேலை நாளிலோ 25 சதவீதம், மீதி 15 நாளில். கடன் கிடைக்கத் தாமதமாகி, வங்கியும் அவகாசம் தராவிட்டால் கட்டிய பணம் போகும். அறிவிப்பில் "அடையாள சுவாதீனம்" என்று இருந்தால் வீடு இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் மூலம் காலி செய்வதற்குள் உங்கள் தவணை ஓடிக்கொண்டிருக்கும். ஏலத்துக்கும் மேலே சொன்ன அதே வாரிசு விசாரணையைச் செய்தாக வேண்டும், அதுவும் குறைந்த நாட்களில்.

கேள்வி: வாரிசுகளில் ஒருவர் துபாயில் இருக்கிறார். தம்பிக்குப் பவர் கொடுத்திருக்கிறார். அது செல்லுமா?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: விற்கவும் பணம் வாங்கவும் அதிகாரம் என்று தெளிவாக எழுதி, இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருந்தால் செல்லும். கொடுத்தவர் இறந்த கணமே பவர் காலாவதி. ஆகவே பதிவுக்கு முந்தைய நாள் வீடியோ அழைப்பில் அவரோடு நீங்களே பேசி, விலையையும் அவர் பங்குத் தொகையையும் சொல்லிச் சம்மதமா என்று கேளுங்கள். அந்தப் பங்கை அவருடைய வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், தம்பி கணக்குக்கு வேண்டாம்.