குறைந்த செலவில் புரதம்: பருப்பு விலை ஏறும்போது என்ன சமைப்பது?

கேள்வி: நாலு பேர் உள்ள வீடு. துவரம்பருப்பு விலை கட்டுப்படியாகவில்லை. புரதத்துக்கு என்ன வழி?

ரேஷனில் வரும் துவரம்பருப்பைச் சாம்பாருக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் கொள்ளு, தட்டைப்பயறு, பாசிப்பயறு என மாற்றிச் சமைக்கலாம். எல்லாவற்றிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. இவற்றில் கொள்ளுதான் பெரும்பாலும் மலிவு.

நாலு பேருக்கு 200 கிராம் போதும். பாசிப்பயறை 8 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைச் சொட்டுக்கூட இல்லாமல் வடித்து, ஈரப் பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிடுங்கள். 12 மணி நேரத்தில் முளை எட்டிப் பார்க்கும். கொழகொழத்து நாற்றம் வந்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது, அல்லது கட்டு இறுகிக் காற்றுப் போகவில்லை. அதைக் கழுவிச் சமைக்க நினைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். நல்ல முளையையும் பச்சையாகத் தின்ன வேண்டாம், கிருமி இருக்கலாம். 10 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள்.

கொள்ளு பிடிவாதக்காரன். இரவு முழுக்க ஊறிய பிறகும் குக்கரில் 6, 7 விசில் கேட்கும். புளியையோ தக்காளியையோ முதலிலேயே சேர்த்தால் புளிப்பில் தோல் இறுகி வேகாது, வெந்தபின் சேருங்கள். வேகவைத்த தண்ணீர் ரசத்துக்கு ஆகும்.

பரிமாறும்போது எலுமிச்சை பிழிந்தால் பயறின் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது குறையும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.