வாளியை வைத்ததும் கிளம்புகிறவர்கள்

கேள்வி:

வணக்கம் அம்மா. நாங்கள் சிங்கப்பூரில், பொங்கோலில் இருக்கிறோம். மகள் உயர்நிலை 3 படிக்கிறாள். அவள் உயர்நிலை 1 சேர்ந்த ஆண்டிலிருந்து புரட்டாசி சனிக்கிழமைகளில் சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு கோயிலுக்கு அன்னதானத்தில் பரிமாற அழைத்துப் போவேன். நாலு பேருக்குச் சேவை செய்து வளர வேண்டும் என்பது என் ஆசை. அப்பளம், தண்ணீர் என்று தொடங்கி, போன வருஷம் சாம்பார் வாளி வரைக்கும் வந்துவிட்டாள். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். சனிக்கிழமை இரண்டரைக்கு அவளுக்குக் கணக்கு டியூஷன். அதனால் கடைசிப் பந்தி உட்கார்ந்ததும் வாளியை வைத்துவிட்டு வரச் சொல்லி, காரில் கூட்டி வந்துவிடுவேன். கழுவுகிற வேலைக்கெல்லாம் அங்கே ஆள் இருக்கிறார்கள்.

இந்த வருஷம் கூப்பிட்டால், "நான் வரலைப்பா, அங்க வந்தா எனக்கு வெட்கமா இருக்கு" என்கிறாள். பாவாடை தாவணி கட்ட, தமிழ்ப் பிள்ளை என்று காட்டிக்கொள்ளக் கூச்சப்படுகிறாள் என்று நினைக்கிறேன். பள்ளித் தோழிகளோடு பாசிர் ரிஸ் கடற்கரையில் குப்பை பொறுக்க மட்டும் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுகிறாள். அதற்கு வெட்கமில்லை! அடுத்த வருஷம் உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு, பள்ளியில் கேட்ட தொண்டூழிய மணிநேரத்தையும் முடித்துவிட்டாள், விட்டுவிடுங்கள் என்கிறார் என் மனைவி. தமிழ் விவாதப் போட்டி ஏதாவது ஒன்றில் சேர்த்துவிட்டால் நம் பண்பாட்டின் மேல் பிடிப்பு வருமா? இவளை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

ஒரு தந்தை, பொங்கோல்

பதில்:

தம்பி, பிள்ளை கோயிலுக்கு வர மறுக்கிறது, தமிழென்றால் கூச்சப்படுகிறது என்று இந்தப் பகுதிக்குக் கடிதம் வராத மாதமில்லை. வயசுக் கோளாறு, போகப் போகச் சரியாகிவிடும் என்று எழுதினால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் வேலை சுலபம். அப்படி எழுத மனம் வரவில்லை. மகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துக்கொண்டே வந்தவள், உங்களைப் பற்றி எழுதிய ஒரு வரியில் நின்றுவிட்டேன். "கழுவுகிற வேலைக்கெல்லாம் அங்கே ஆள் இருக்கிறார்கள்."

யார் அந்த ஆள்? ஒருவர் பெயராவது தெரியுமா உங்களுக்கு? முகமாவது நினைவிருக்கிறதா?

நீங்கள் காரை எடுத்த பிறகு அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கடைசிப் பந்தி எழுந்துவிடும். தரையில் பாயசம் சிந்திக் காய்ந்து, வெறுங்காலில் பிசுபிசுவென்று ஒட்டும். எச்சில் தட்டுகளைக் கறுப்புப் பைகளில் கொட்டிக் கட்ட வேண்டும். ரசம் கசிந்து, பையைத் தூக்குகிறவர் காலில் வழியும். மேசைகளைத் துடைத்து, மடித்து, சுவரோரம் சாய்க்க வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகுதான் பின்பக்கத்தில் பெரிய வேலையே ஆரம்பிக்கும். ஓர் ஆள் உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரிய அண்டா. அடிப்பிடித்த சோற்றைச் சுடுதண்ணீர் ஊற்றி ஊறவைத்து, கரண்டியால் சுரண்டி, கம்பி நாரால் தேய்க்க வேண்டும். இரண்டு பேர் பிடித்துக் கவிழ்த்தால்தான் தண்ணீர் வடியும். சாம்பார் வாளியின் விளிம்பில் எண்ணெய் மஞ்சளாகப் படிந்திருக்கும். ஒரு தேய்ப்பில் போகாது. உங்கள் மகள் கீழே வைத்துவிட்டு வந்த வாளியும் அதில் ஒன்று.

அதைக் கழுவுகிறவர்களில் விடிவதற்குள் காய் நறுக்க வந்த பாட்டிகள் இருக்கிறார்கள். சாப்பிட வந்த இடத்தில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழாயடியில் இறங்கிவிடும் வெளிநாட்டு ஊழியர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் அவர்களுக்குக் கிடைக்கிற ஓய்வே கொஞ்சம். உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளும் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கும் டியூஷன் உண்டு.

இப்போது அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று பாருங்கள். காலை முழுக்கக் கூட நின்று பரிமாறியவர்கள் பின்பக்கம் போகிறார்கள். இவள் கார் கதவைத் திறக்கிறாள். ஏதோ ஒரு சனிக்கிழமை என்றால் போகட்டும். வருகிற ஒவ்வொரு சனிக்கிழமையும் இதுவேதான். இவள் தூக்கிய வாளியை இன்னொரு பெண் தேய்க்கிறாள், இவள் சிந்திய சாம்பாரை ஒரு பாட்டி குனிந்து துடைக்கிறார். பதின்மூன்று, பதினான்கு வயதில் இதைவிடக் குன்ற வைப்பது வேறென்ன இருக்கிறது? "வெட்கமா இருக்கு" என்று அவள் சொன்னவுடன் உங்களுக்குத் தாவணி ஞாபகம் வந்தது, தமிழ் ஞாபகம் வந்தது. எதற்கம்மா வெட்கம் என்று ஒரு வார்த்தை அவளிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். கடிதத்தில் அது இல்லை.

சாட்சியையும் நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள், அதுவும் குற்றச்சாட்டாக. பாசிர் ரிஸ் கடற்கரையில் அலை ஒதுக்கிய குப்பையைக் கையால் பொறுக்குகிற பிள்ளை வேலைக்கு வெட்கப்படுகிற பிள்ளையா? அனைத்துலகக் கடற்கரைத் துப்புரவு இங்கே 1992 முதல் நடக்கிறது. அதில் பொறுக்கியதைப் போட்டுவிட்டுப் போய்விட முடியாது. பிளாஸ்டிக் போத்தல் எத்தனை, உறிஞ்சுகுழல் எத்தனை, சிகரெட் துண்டு எத்தனை என்று வகை பிரித்து எண்ணி எழுதிக்கொடுக்க வேண்டும். உங்கள் மகள் போவது எந்தக் குழுவோடு என்று எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே அவள் எடுத்த வேலையை முடிக்கிறாள், பாதியில் கூட்டிப்போக யாரும் வருவதில்லை என்று மட்டும் தெரிகிறது. அதனால்தான் எழுப்பாமலே எழுந்திருக்கிறாள்.

இந்தப் பிள்ளைகள் எப்படி வளர்ந்தவர்கள் என்று யோசியுங்கள். 2017லிருந்து எல்லாப் பள்ளிகளிலும் மாணவர்களே தினமும் துப்புரவு வேலையில் ஈடுபடுகிறார்கள். உங்கள் மகள் தொடக்கநிலை சேர்ந்ததே ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். தான் உட்கார்ந்த இடத்தைத் தானே பெருக்கியவள் அவள். 2021 செப்டம்பரில் உணவங்காடி நிலையங்களில் சாப்பிட்ட தட்டை எடுத்து வைப்பது கட்டாயமானது. 2022 ஜனவரியில் காப்பிக் கடைகளுக்கும் வந்தது. முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி அபராதம். பெரியவர்கள் நமக்குத்தான் அபராதம் போட்டுச் சொல்லித்தர வேண்டியிருந்தது. பிள்ளைகள் அதை வழக்கமாகவே கற்றுக்கொண்டார்கள். காப்பிக் கடையில் தன் தட்டைத் தானே எடுத்து வைக்கிறவளைக் கோயிலில் மட்டும், அதுவும் சேவை என்ற பெயரில், எச்சிலைப் போட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறீர்கள். பள்ளி கற்றுக்கொடுத்ததை அப்பா மறக்கச் சொன்னால் பிள்ளை எங்கே போகும்?

கடுமையாக ஒன்று சொல்ல வேண்டும். நம்மவர்களிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. கரண்டி பிடிக்க ஒருவர், எச்சில் எடுக்க இன்னொருவர். ஊரில் அதற்குச் சாதி என்று பெயர். கப்பலேறியபோது அதைக் கடலில் போட்டுவிட்டோம் என்று மேடையில் பேசிக்கொள்கிறோம். நீங்கள் சாதி பார்த்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. டியூஷனைத்தான் பார்த்தீர்கள். ஆனால் "அதுக்கெல்லாம் ஆள் இருக்கு" என்ற சொல் அந்தக் கணக்கிலிருந்து வந்த சொல்தான். காரணம் மாறியிருக்கிறது; முன்னால் நிற்கிறவரும் பின்னால் குனிகிறவரும் அப்படியே இருக்கிறார்கள். இங்கே நம் தாத்தாக்கள் எத்தனை பேர் நகராட்சிக் கூலிகளாகத் தெருப் பெருக்கினார்கள், சாக்கடை அள்ளினார்கள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்கள்? செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்கள் எழுப்பிய முருகன் கோயில் இன்றைக்கும் ஈசூனில் பங்குனி உத்திரம் கொண்டாடுகிறது. அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகளுக்கு அண்டா கழுவ ஆள் தேவைப்படுகிறதா?

சிவன் கோயிலில் நாயன்மார் வரிசையில் அப்பரைப் பாருங்கள். அவரிடம் இருப்பது உழவாரப்படை. கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்குகிற கருவி. பாடுகிறவன் எதற்குப் புல் செதுக்க வேண்டும், அதற்கு ஆள் இருக்கிறதே என்று அவர் நினைக்கவில்லை. அவ்வளவு தூரம் போக வேண்டாம், சீக்கியர்களின் சிலாட் ரோடு குருத்வாராவுக்கு ஒரு நாள் போய்வாருங்கள். யார் போனாலும் சாப்பாடு உண்டு. சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவுகிற பக்கம் எட்டிப் பாருங்கள். அவர்களுக்குப் பாத்திரம் தேய்ப்பதும் வழிபாடுதான், பதவியும் படிப்பும் அங்கே செல்லாது. பெற்றவர்கள் சோப்புப் போடுவார்கள், பிள்ளைகள் அலசுவார்கள். நீங்கள் தேடுகிற பண்பாட்டுப் பிடிப்பு அந்தக் குழாயடியில்தான் உண்டாகிறது.

பிள்ளைக்கு நாம் வாயால் சொல்வது பெரும்பாலும் காற்றோடு போகும். எந்த நேரத்தில் வருகிறோம், எந்த நேரத்தில் கிளம்புகிறோம் என்பதைத்தான் அது கவனிக்கும். கடமையின் பாராட்டுக் கிடைக்கும் பாதியைச் செய்துவிட்டு மீதியை அடுத்தவர் தலையில் கட்டுவதை இரண்டு புரட்டாசியாக நீங்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். அதை நன்றாகக் கற்றுக்கொண்ட பிள்ளைகளையும் நான் பார்க்கிறேன். அப்பா அம்மா பிறந்தநாளுக்கு ஹோட்டலில் விருந்து வைப்பார்கள். ஆஸ்பத்திரியில் இரவு துணைக்கு இருக்க ஆள் தேடுவார்கள். உங்கள் மகள் கற்றுக்கொள்ள மறுத்துவிட்டாள். எதிர்த்துப் பேசவில்லை, அப்பாவை நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுக்கவில்லை, வரமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். வழிக்குக் கொண்டுவர வேண்டியது அவளை என்றா நினைக்கிறீர்கள்?

உங்கள் மனைவிக்கு ஒரு வார்த்தை. மணிநேரம் முடிந்துவிட்டது என்கிறீர்கள் அம்மா. இணைப்பாட நடவடிக்கைக்கும் தொண்டூழியத்துக்கும் சேர்த்துத் தொடக்கக் கல்லூரிக்கோ பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ போகும்போது இரண்டு புள்ளி வரை சலுகை கிடைக்கும், நல்லது, வாங்கிக்கொள்ளட்டும். அந்தக் கணக்கு பள்ளியோடு முடியட்டும். வீட்டுக்குள்ளும் மணி பார்த்து உறவு நடத்தும் பழக்கம் வந்துவிட்டால் பிறகு அழுது பயனில்லை. தேர்வைப் பற்றிய கவலை நியாயம்தான். சனிக்கிழமை இரண்டு மணி நேரத்தில் தேர்வு போய்விடாது.

விவாதப் போட்டி பற்றிக் கேட்டதற்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். அவள் கேட்டால் சேருங்கள். செய்யாத தப்புக்குத் தமிழைத் தண்டனையாகக் கொடுத்தால் அவளுக்கு மொழி கசந்துவிடும்.

இனி செய்ய வேண்டியது உங்கள் வேலை. இன்றிரவு அவளிடம் போய், "வெட்கம்னு சொன்னியே, எதுக்கும்மா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள், நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள். நான் சொன்னதே காரணமாக இருந்தால், "தப்பு என்னோடது, உன்னைப் பாதியில கூட்டிட்டு வந்தேன்" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். வேறு காரணம் என்றால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்போதும் நீங்கள் கழுவாமல் வந்த பாத்திரம் கழுவாத பாத்திரம்தான். பெற்றவன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

வருகிற சனிக்கிழமை அவளைக் கூப்பிடாமல் நீங்கள் மட்டும் போங்கள். பரிமாறப் போக வேண்டாம், அதற்கு எப்போதும் ஆள் சேரும். நேரே குழாயடிக்குப் போய், அங்கே இருக்கிறவர்களிடம் பெயர் கேட்டுத் தெரிந்துகொண்டு, என்ன செய்யட்டும் என்று கேளுங்கள். பழைய கால்சட்டை போட்டுப் போங்கள். கடைசி அண்டா கவிழ்ந்த பிறகு கிளம்புங்கள். படம் எடுக்க வேண்டாம், குடும்பக் குழுவில் போட வேண்டாம், வீட்டில் வந்து கதை சொல்லவும் வேண்டாம். அடுத்த வாரமும் போங்கள். அவளாக வருகிறேன் என்றால் கூட்டிப் போங்கள். வராவிட்டாலும் நீங்கள் போவதை நிறுத்தாதீர்கள், அந்தக் கோயிலில் உங்கள் பாக்கி நிறைய இருக்கிறது.

அவள் வருவதானால் டியூஷன் குறுக்கே நிற்கக் கூடாது. ஆசிரியருக்கு இன்றைக்கே போன் செய்து, இந்த மாதம் மட்டும் சனிக்கிழமை வகுப்பை மாலைக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ மாற்றித்தரக் கேளுங்கள். புரட்டாசியில் நாலைந்து சனிக்கிழமைதான் வரும்.