பாடபேதம்

அன்புள்ள ஐயா,
அப்பாவுக்கு 68 வயதில் பார்க்கின்சன் என்று சொல்லிவிட்டார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளாக மாறாத டிஎன்ஏ பகுதிகள் உண்டு, அங்கே பிழை நேர்ந்தால் நரம்பு நோய் வரும் என்று படித்தேன். நானும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா? எல்லாம் தலையெழுத்துதானே?
கே.

அன்புள்ள கே,

கடைசி வரி இல்லையென்றால் பதில் எழுதியிருக்க மாட்டேன். தலையெழுத்து என்ற சொல் எனக்கு ஆகாது.

'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்' என்பார்கள். டிஎன்ஏவும் தலைமுறைதோறும் பிரதியாகும் ஏடுதான். பெற்றோரிடம் இல்லாத ஏறத்தாழ 60, 70 புதிய பிழைகளோடுதான் ஒவ்வொரு குழந்தையும் பிறக்கிறது. அப்படியிருந்தும், மனிதன், எலி, சுண்டெலி மூன்றிலும் 200 எழுத்துக்கு மேல் ஒன்றுகூட மாறாத 481 இடங்களை 2004இல் கண்டுபிடித்தார்கள். அங்கே மட்டும் எழுதியவன் கவனமாக இருந்தான் என்று நினைக்காதீர்கள். அங்கும் பிழை விழும். விழுந்த ஏட்டுக்கு மறுபிரதி இல்லாமல் போகும், அவ்வளவுதான். நாம் பார்ப்பது தப்பிப் பிழைத்த ஏடுகளை மட்டும்.

அதிலும் வேடிக்கை உண்டு. 2007இல் அப்படிப்பட்ட நான்கு பகுதிகளைச் சுண்டெலிகளில் தனித்தனியே நீக்கினார்கள். சுண்டெலிகள் நன்றாக வளர்ந்து குட்டியும் போட்டன. மாறாததெல்லாம் வீண் என்று சிலர் கிளம்பினார்கள். 2018இல், மூளை வளர்ச்சிக்கான ஏஆர்எக்ஸ் மரபணுவை ஒட்டிய பகுதிகளை நீக்கினார்கள். அந்தச் சுண்டெலிகளும் உயிரோடுதான் இருந்தன. ஆனால் சிலவற்றின் மூளையைத் திறந்து பார்த்தால் நினைவுக்கான பகுதியான ஹிப்போகாம்பஸ் கோணலாக இருந்தது.

இதை உங்கள் அப்பாவோடு முடிச்சுப் போட்டதுதான் தப்பு. இயற்கைத் தேர்வுக்குப் பிள்ளை பெறும் வயதுவரைதான் கண் கூர்மை. 68இல் கை நடுங்குவது அதற்கு அநேகமாகத் தெரியாது. பாதி படித்துவிட்டுப் பயப்படுவதற்குப் படிக்காமலே இருந்திருக்கலாம். தலையெழுத்துக்குக் கிட்டத்தட்ட வரும் நோய், மூளை நரம்புகள் சிதையும் ஹண்டிங்டன்: ஒரே மரபணுவில் சிஏஜி என்ற மூன்றெழுத்து 40 முறையோ அதற்கு மேலோ அடுக்கி வந்தால் தப்புவது அரிது. பார்க்கின்சன் அப்படியல்ல. அதோடு தொடர்புள்ள எல்ஆர்ஆர்கே2 என்ற மரபணுவில் திரிபு உள்ளவர்களிலேயே பலருக்கு நோய் வருவதில்லை. பரிசோதனை பற்றி நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள், என்னையல்ல.

என் அம்மாவுக்கும் இதே நோய்தான். பெயர் தெரியும் முன்பே அவள் கையெழுத்து சிறுத்துவிட்டது. கடிதத்தின் முதல் வரி பழைய அம்மா. கடைசி வரி கடுகு. 'தாளை மிச்சம் பிடிக்கிறாயா?' என்று சிரித்துப் பதில் போட்டேன். அதன்பின் அவள் எழுதவில்லை, தொலைபேசியில் பேசினாள்.

அப்பா எழுதுகிறாரா? அகலக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். கோடு கண்ணில் பட்டால் எழுத்து சற்றுப் பெரிதாக வரும்.